முகாம் குடும்பங்களும் நாமும்



சென்ற மாதத்தில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் நன்றிப் பூசை ஒன்று ஒப்புக்கொடுக்கச் சொன்னார்கள். அவர்களுடைய மூத்த குமாரனுக்குக் கனடா தேசத்தில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை, அதாவது நம் பிள்ளைகள் ‘பி.ஆர்.’ என்று சொல்லுகிறது, கிடைத்துவிட்டது. பூசை முடிந்ததும் தாயார் ஒரு பொட்டலம் லட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இனிமேல் 5 வருஷத்துக்குள் 1,095 நாள் அந்த மண்ணில் இருந்து காட்டினால் பிரசாவுரிமைக்கு மனுச் செய்யலாமாம். பையன் இப்போதே நாட்காட்டியில் நாள் எண்ணத் தொடங்கிவிட்டானாம். சொல்லும்போது அந்தத் தாயின் கண் கலங்கியது. பிள்ளையை யாரும் எந்நேரமும் ‘போ’ என்று சொல்லிவிடக்கூடும் என்ற பயம் இத்தனை வருஷமாய் அவர்கள் நெஞ்சில் இருந்ததென்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நானும் அவர்களோடு சந்தோஷப்பட்டேன்.

அதே வாரத்தில் திருவிழா ஆலோசனைக் கூட்டம் நடந்தது. வந்திருந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது தெரியும். முகாம் குடும்பங்கள் 42-ம் சேர்ந்து, நவநாளில் ஒரு நாள் உபயம் தங்களுக்குத் தரவேண்டுமென்று கேட்டிருந்தார்கள். அப்பொழுது ஒருவர், “வெளிநாட்டாருக்கு எதற்கு உபயம், சுவாமி? அவர்கள் இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குப் போவார்கள்” என்றார். வேறு சிலர் தலையசைத்தார்கள். அவர் கெட்ட மனுஷர் அல்ல. மழைக்காலத்தில் முகாமுக்கு அரிசி மூட்டை கொடுத்தனுப்பினவர் அவரே. ஆகையால்தான் அந்தப் பேச்சு என் மனதை அதிகமாய் உறுத்தியது. அரிசி கொடுக்க மனம் வருகிறது, பக்கத்தில் இடம் கொடுக்க மனம் வரவில்லை. அன்றிரவு நான் சரியாய் ஒரு பதிலும் சொல்லாமல் கூட்டத்தை முடித்துவிட்டேன். அதற்கு வேறொரு காரணமும் உண்டு, பின்னால் சொல்லுகிறேன்.

‘இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குப் போவார்கள்’ என்றோமே, இவர்கள் யார் என்பதை முதலில் அறிந்துகொள்ளுவோம். நம்முடைய முகாமில் இருக்கிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய முப்பாட்டன்மார் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து கங்காணிகளின் கூட்டத்தில் சேர்ந்து கடல் கடந்து போனவர்கள். முதலில் காப்பி, பிற்பாடு தேயிலை. நூறு வருஷத்துக்குமேல் லயங்களில் பிறந்து, லயங்களில் செத்தார்கள். 1948-ல் இலங்கை சுயராச்சியம் அடைந்த அதே வருஷத்தில் வந்த பிரசாவுரிமைச் சட்டம், தகப்பனும் அல்லது பாட்டனும் பூட்டனும் அந்தத் தீவிலே பிறந்ததற்குச் சாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே? மறுவருஷத்தில் இன்னொரு சட்டம் வந்தது. கலியாணமானவர்கள் 7 வருஷமும், ஆகாதவர்கள் 10 வருஷமும் இடைவிடாமல் அங்கே குடியிருந்ததாகக் காட்டவேண்டும். மனுச் செய்ய 2 வருஷமே தவணை. ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக மனுக்கள் எழுதப்பட்டன. அவற்றில் உரிமை பெற்றவர்கள் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். இடையில் தாயைப் பார்க்க ஊருக்கு வந்து திரும்பினவர்களுடைய குடியிருப்பு ‘இடைவிட்டது’ என்று தள்ளுபடியானதும் உண்டு. கனடாவில் நாள் எண்ணுகிற நம் பிள்ளையை இங்கே ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

1964 அக்டோபர் 30-ந் தேதி இரண்டு தேசத்துப் பிரதம மந்திரிகளும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். எந்தத் தேசத்துக்கும் பிரசைகளல்லாதவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்றுக்கொள்வதென்றும், மிச்சம் 1,50,000 பேரைப்பற்றிப் பிறகு பேசுவதென்றும் தீர்த்தார்கள். பத்து வருஷம் கழித்து அந்த மிச்சத்தையும் 75,000-மாகச் சரிபாதி பிரித்தார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அந்தச் சனங்களிடத்தில் ‘உங்களுக்கு எது இஷ்டம்?’ என்று முன்னதாக ஒருவரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபத்தில் பதிவாகி, கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள் அநேகர். ஆனால் 1984-ல் கப்பல் நின்றது. இந்தியப் பாஸ்போர்ட்டு வாங்கி வைத்துக்கொண்டு முறை வருமென்று காத்திருந்தவர்கள் அக்கரையிலேயே அகப்பட்டுக்கொண்டார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிற்பாடு அவர்களிற் பலர் உயிருக்குப் பயந்து கள்ளத்தோணியிலும் மீன்பிடி வள்ளத்திலும் வந்து சேர்ந்தார்கள். கப்பலில் வந்திருந்தால் ‘தாயகம் திரும்பியோர்’. வள்ளத்தில் வந்தபடியால் ‘அகதி’. கடல் ஒன்றுதான், கரையும் ஒன்றுதான்.

இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் ஐம்பதினாயிரத்துக்கு அதிகமானவர்கள் இருக்கிறார்கள். 2021-ல் அரசாங்கம் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை மாற்றி ‘மறுவாழ்வு முகாம்’ என்று வைத்தது நல்ல காரியம். 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், வங்காள தேசம், பாகிஸ்தான் ஆகிய 3 தேசங்களிலிருந்து வந்த கிறீஸ்தவர் உள்ளிட்ட 6 மதத்தாருக்கு வழி திறந்தது. இலங்கை அதில் சேரவில்லை. 2025-ல் மத்திய அரசாங்கம், 2015 ஜனவரி 9-ந் தேதிக்குள் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது பாஸ்போர்ட்டு, விசா இல்லாத குற்றத்துக்காகத் தண்டனை இல்லை என்று உத்தரவிட்டது. இதற்கும் நன்றி சொல்லவேண்டியதே. ஆயினும் தண்டனை நீங்குகிறது வேறு, பிரசையாகிறது வேறு.

சிலர் பக்தியாய்ச் சொல்லுவார்கள்: “மோட்சமல்லவோ நமது சுதேசம்? இந்தக் காகிதத்துக்காக இவ்வளவு அலைச்சல் எதற்கு?” பெரும்பாலும் காகிதம் உள்ளவர்கள்தான் இப்படிச் சொல்லுகிறார்கள். நமது சுதேசம் பரலோகத்தில் இருக்கிறதென்று பிலிப்பு நகரத்தாருக்கு எழுதினவர் அர்ச். சின்னப்பர். அதே பிலிப்பு நகரத்தில்தான் அவரை விசாரணையில்லாமல் பிரம்பால் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலையில் அதிகாரிகள் இரகசியமாய் விட்டுவிடப் பார்த்தபோது, அவர் போகச் சம்மதிக்கவில்லை. நாங்கள் உரோமைப் பிரசைகள், அடித்தவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துப்போகட்டும் என்று சொல்லியனுப்பினார். அவர்கள் பயந்து, வந்து மன்றாடினார்கள். பிற்பாடு செருசலேமில் அவரைச் சாட்டையால் அடிக்கக் கட்டினபோதும் இதே உரிமையைச் சொன்னார். சேனைத் தலைவன், தான் மிகுந்த பணம் கொடுத்து இந்த உரிமையை வாங்கினதாகச் சொல்ல, நானோ பிறப்பினாலேயே பிரசை என்றார் அப்போஸ்தலர். சாட்டை கீழே இறங்கியது. (அவரிடத்தில் யாரும் நகல் கேட்டதாக நடபடி ஆகமத்தில் காணவில்லை. அவர் கொடுத்துவைத்தவர்.) மோட்ச சுதேசத்தை அவ்வளவு வாஞ்சித்த அர்ச்சியசிஷ்டவர் பூலோகப் பிரசாவுரிமையை அற்பமாய் எண்ணவில்லை. பலவீனனுடைய முதுகுக்கும் பலவானுடைய சாட்டைக்கும் நடுவில் அது நிற்கிறதென்று அவருக்குத் தெரியும்.

அர்ச். சூசையப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பேர்ப் பதிவுக்காகப் பூரண கர்ப்பிணியான தேவமாதாவைக் கூட்டிக்கொண்டு நசரேத்திலிருந்து பெத்லேமுக்குப் போனார். பதிவு முடிந்ததோ இல்லையோ, ஏரோதின் வாளுக்குத் தப்பிக் குழந்தையோடு எஜிப்துக்கு ஓடவேண்டியிருந்தது. அந்த அந்நிய ஊரில் யார் வீட்டுத் திண்ணையில் படுத்தார்கள், தச்சுவேலை கொடுத்தவர் யார், சுவிசேஷம் சொல்லவில்லை. யாரோ ஒருவர் கொடுத்திருக்கவேண்டும். 1952 ஆகஸ்ட் 1-ந் தேதி பரிசுத்த பாப்பரசர் 12-ம் பத்திநாதர் குடிபெயர்ந்தவர்களுக்காக வெளியிட்ட அப்போஸ்தலிக்கச் சட்டத்தில், எஜிப்தில் பரதேசம் போன இந்தத் திருக்குடும்பத்தையே சகல அகதிக் குடும்பங்களுக்கும் மாதிரிகையாகக் காட்டினார். ‘பரதேசி’ என்ற வார்த்தையை நாம் இக்காலத்தில் வசவாக வழங்குகிறோம். சேசு, மரி, சூசை மூவரும் பரதேசிகளாயிருந்தவர்கள்.

இப்போது என் குற்றத்தைச் சொல்லவேண்டும்.

திருவிழாக் கூட்டத்துக்கு ஏழெட்டு மாசத்துக்கு முன், முகாமைச் சேர்ந்த ஒருவர் அறைவீட்டுக்கு வந்தார். நம் பங்கிலேதான் பிறந்தார், நம் கோயிலிலேதான் ஞானஸ்நானம் பெற்றார்; நம் பங்குப் பெண்ணைத்தான் கலியாணம் செய்திருக்கிறார். பிறப்புப் பதிவு இல்லாதபடியால் ஞானஸ்நான நகல் கேட்டார். நான் எங்கேயோ போக அவசரப்பட்டு, புஸ்தகத்தைப் புரட்டி, முன்னிருந்த சுவாமியார் கையெழுத்தில் மை ஊறியிருந்த வருஷத்தை 1988 என்று எழுதி, முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டேன். அது 1986. கண்ணாடி போட்டு நிதானமாய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இரண்டு வருஷம்தானே என்று எண்ணாதேயுங்கள். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரையில் இந்திய மண்ணில் பிறந்தவர் எவரும், தாய் தகப்பன் யாராயிருந்தாலும், பொதுவிதிப்படி பிறப்பினாலேயே பிரசை. 1987 ஜூலை 1-ந் தேதிக்குப் பின் பிறந்தவருக்கோ தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியப் பிரசையாயிருக்கவேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுக்கம்: ஒருவர் பிரசையாயிருந்தும், மற்றவர் சட்டவிரோதமாய்க் குடியேறியவர் என்று எழுதப்பட்டால் பிள்ளைக்கு உரிமை இல்லை. இவருடைய மகள் 2008-ல் பிறந்தவள். நான் எழுதின ஓர் எண் தகப்பனை அந்நியனாக்கி, இந்நாட்டுத் தாய்க்குப் பிறந்த மகளின் காரியத்தையும் சிக்கலில் மாட்டிவிட்டது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணிக்குப் பாஸ்போர்ட்டுக் கொடுக்கவேண்டுமென்று 2022-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்புச் சொல்லியிருக்க, அதே வருஷத்தில் பிறந்த இவருடைய மனு, நான் கொடுத்த தாளினாலே திரும்பி வந்தது.

அவர் ஆபீசுக்கும் வீட்டுக்குமாக ஏழு மாசம் நடந்தார். தவறு எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. தாயார் செத்துப்போனபடியால் பிறந்த வருஷத்தை உறுதியாய்ச் சொல்ல ஆளில்லை. திருவிழாக் கூட்டத்தன்று சாயங்காலம் அந்தத் தாளோடு மறுபடியும் வந்து, “சுவாமி, அம்மா நான் கைப்பிள்ளையாயிருக்கும்போது எம்.ஜி.ஆர். சாவு வந்தது, நீ நடந்து பழகியிருந்தாய் என்று சொல்லுவார்கள். ஒருதரம் புஸ்தகத்தைப் பாருங்களேன்” என்றார். எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பரில். 1988-ல் பிறந்தவன் எப்படி அப்போது நடந்திருப்பான்? புஸ்தகத்தைத் திறந்தேன். அடுத்த பக்கமும் முந்தின பக்கமும் 1986. என்னால் அவர் முகத்தைப் பார்க்கக் கூடவில்லை. அவரோ கோபிக்கவில்லை. “சரியாய் எழுதிக் கொடுங்கள், சுவாமி, போதும்” என்றார். அரை மணி நேரம் கழித்துத்தான் நான் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தேன். ‘வெளிநாட்டாருக்கு எதற்கு உபயம்?’ என்ற கேள்விக்கு வாய் திறக்கமாட்டாமல் இருந்த காரணம் இதுதான்.

மனு மறுபடியும் போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. ஞானஸ்நான நகல் மாத்திரம் போதாது. பள்ளிக்கூடப் பத்திரம், முகாம் பதிவு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் சேர்ந்துதான் சாட்சி சொல்லவேண்டும். உங்கள் வேண்டுதலில் அந்தக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பெயரைக் கேட்டு என்னிடம் வராதேயுங்கள்.

இனி அறிவிப்பு. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு, 1983 முதல் 1987 வரையுள்ள ஞானஸ்நானப் புஸ்தகங்களை அறைவீட்டு மேசையில் எடுத்து வைக்கிறேன். அந்த வருஷங்களில் இங்கே பிறந்த முகாம் பிள்ளைகள், இப்போது நாற்பது வயதுக்காரர், ஒவ்வொருவராய் வந்து தங்கள் பதிவைச் சரிபார்க்கலாம். பாட்டன்மாருடைய பழைய இந்தியப் பாஸ்போர்ட்டு, ஒப்பந்தக் காலத்துக் குடும்ப அட்டை, தோட்டத்துச் சீட்டு எதுவிருந்தாலும் கிழிந்ததென்று எறிந்துவிடாமல் கொண்டுவாருங்கள். நல்ல கையெழுத்துள்ள வாலிபர் இருவரும், மனு எழுதத் தெரிந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவரும் எனக்கு உதவிக்கு வேண்டும். நான் எழுதுகிற ஒவ்வொரு நகலையும் இன்னொருவர் புஸ்தகத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே முத்திரை போடப்படும். கட்டணம் கிடையாது.

நவநாளின் ஏழாம் நாள் உபயம் முகாம் குடும்பங்களுக்கு எழுதப்பட்டிருக்கிறது. அன்றைய தேர்ச்சப்பரத்துக்குத் தோள் கொடுக்க அவர்களிடத்தில் ஆள் குறைவு. கனடாவில் மகன் உள்ள குடும்பத்தார் நான்கு பேரை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் எட்டுப் பேர் வேண்டும்.

சேசுவில் உங்கள் ஊழியன்,
பங்குக் குரு