எத்தனை கேமரா வேண்டும்?

பழைய ஃபிலிம் கேமரா சேர்க்கிறவர்களுக்குச் சென்னையின் கடற்காற்றுதான் முதல் எதிரி. ஈரம் உள்ளே புகுந்துவிட்டால் லென்சின் உட்புறத்தில் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை படரும். ஆரம்பத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். முற்றவிட்டால் அது கக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் தழும்பு போகாது.

பொத்திப் பொத்தி வைத்த கேமராக்களுக்குத்தான் இந்த நோய் அதிகம் வருகிறது. தோல் உறையில் போட்டு, துணி சுற்றி, பீரோவில் பூட்டி வைப்பார்கள். அந்த அழகான உறையே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இருட்டும் புழுக்கமும் மீதி வேலையை முடித்துவிடும். ஷட்டரின் கதையும் இதுதான். வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் பிசினாக இறுகிவிடும். ஒரு நொடியில் மூடவேண்டிய ஷட்டர் திறந்தபடியே நின்றுவிடும். அவ்வப்போது எடுத்து, எல்லா வேகத்திலும் அழுத்திக் கொடுத்து, கொஞ்சம் வெளிச்சம் காட்டி வந்தால் ஐம்பது வயதுக் கேமராவும் ஒழுங்காக ஓடும்.

என்னிடம் இருப்பவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஆக்ஃபா கிளிக் III. ஜெர்மன் வடிவமைப்பு, செய்தது பரோடாவில், நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ். நம் நாட்டில் எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களின் முதல் கேமரா இதுதான். பேட்டரி கிடையாது. வெயிலுக்கு ஒரு குறி, மேகமூட்டத்துக்கு ஒரு குறி, அவ்வளவுதான். 120 ஃபிலிம் போட்டால் 12 சதுரப் படங்கள். முதுகில் இருக்கும் சின்னச் சிவப்பு ஜன்னலில் அடுத்த எண் வரும்வரை நாம்தான் திருகவேண்டும். திருக மறந்தால் பாட்டியின் முகத்தின் மேலேயே கோயில் தேர் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படி விழுந்த படங்களை நான் தூக்கிப் போடுவதில்லை.

அந்த நாளில் ஃபிலிமும் நம் ஊரிலேயே கிடைத்தது. 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், ஊட்டியிலிருந்து ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களை அனுப்பியது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. கேமரா மட்டும் இன்னும் ஓடுகிறது. இன்று வெளிநாட்டு ஃபிலிம்தான், விலையும் அதிகம். அதனால் அழுத்துவதற்கு முன் எதிரே இருப்பவரை நன்றாகப் பார்க்கிறேன். அந்தப் பார்வைக்காகவே இந்தச் செலவு தகும்.

இரட்டை லென்ஸ் யாஷிகாமேட் தருகிற சுகம் வேறு. கேமராவை வயிற்றருகே பிடித்துக் குனிந்து பார்க்கவேண்டும். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். குழந்தை ஒரு பக்கம் ஓடினால் கை மறுபக்கம் போகும், பழகக் கொஞ்சம் நாளாகும். ஆனால் முகத்துக்கு நேரே எதையும் நீட்டாததால், எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவர் விறைத்துக்கொள்ளாமல் பேசிக்கொண்டே இருப்பார். அவர் குனிந்து வெற்றிலை மடிக்கும்போது எடுத்துவிடலாம்.

இப்போது பழைய கேமராக்களை முதலீடு என்கிறார்கள். விலை ஏறட்டும் என்று பெட்டியில் போட்டு வைக்கிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் சம்மதமில்லை. நமக்கு எத்தனை வேண்டும் என்ற கேள்விக்கு இந்த ஊரின் ஈரக்காற்றே பதில் சொல்லிவிடுகிறது: எத்தனையை எடுத்துப் புழங்க முடியுமோ அத்தனைதான். அதற்கு மேல் சேர்ந்தவை பூஞ்சைக்குப் போகிறவை. புத்தகத்துக்கும் பாத்திரத்துக்கும் புடவைக்கும்கூட இந்தக் கணக்கையே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்பாவின் கேமரா ஒன்று கிடக்கலாம். கிடைத்தால் பின்மூடியைச் சட்டென்று திறந்துவிடாதீர்கள். ரீவைண்ட் குமிழ் இருந்தால் அதை அம்புக்குறிப் பக்கம் மெல்லத் திருப்புங்கள். இறுகினால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது என்று அர்த்தம். கழுவித் தருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள். கேமராவை நீங்கள் எடுக்கப்போவதில்லை என்றால், படம் எடுக்க ஆசைப்படும் ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.