வாய்தாவுக்கு நிமிர்ந்து போ!

தம்பி, பகலில் காலேஜ், சாயங்காலம் பனியன் கம்பெனியில் அரை ஷிப்ட் என்று ஓடிக்கொண்டிருந்தவன் நீ. இன்று உன் பெயரில் ஒரு எஃப்.ஐ.ஆர். பேக்கரி வாசலில் கிளம்பிய அடிதடியோ, நண்பன் ஓட்டி வந்த திருட்டு பைக்கோ, கமிஷன் தருகிறேன் என்று எவனோ கேட்டதற்கு ஏ.டி.எம். கார்டோடு தூக்கிக் கொடுத்த பேங்க் அக்கவுண்டோ, ஏதோ ஒன்று. ஜாமீனில் வீட்டுக்கு வந்துவிட்டாய். வந்த நாளிலிருந்து மொட்டை மாடியை விட்டு இறங்கவில்லை. அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பவர் டேபிளிலிருந்து எழுந்து வந்த அம்மா, தலைமுடியில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல், சோற்றுத் தட்டைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறாள். "எல்லாம் முடிஞ்சுது" என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்கிறாய்.

முடிந்தது என்று எந்த நீதிபதி எழுதினார்? தீர்ப்பே வராத வழக்குக்கு மாடியில் உட்கார்ந்து நீயே தண்டனை எழுதிக்கொள்கிறாயே, அந்த அதிகாரத்தை உனக்கு யார் கொடுத்தது?

அம்மாவைக் கேட்டுப்பார். செக்கிங் டேபிளில் ஒரு பீஸ் வருகிறது. தோள்பட்டையில் தையல் விட்டிருக்கிறது. செக்கிங் அக்கா அதைக் குப்பையில் வீசுவதில்லை. தையல் விட்ட இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஆல்ட்ரேஷனுக்கு அனுப்புகிறார். இரண்டு தையலைப் பிரித்து மறுபடி ஓட்டினால் அதே பீஸ் பெட்டிக்குள் போய்க் கப்பல் ஏறுகிறது. ஸ்டிக்கர் ஒட்டுவது தப்பு இருக்கும் இடத்தைக் காட்டத்தான். நீயோ ஸ்டிக்கரைப் பார்த்ததுமே பீஸைக் கிழிக்கப் போகிறாய்.

இந்த நாட்டுச் சட்டமும் அந்த செக்கிங் அக்காவைப் போலத்தான் யோசித்திருக்கிறது. சென்னை மாகாணம் 1936லேயே குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் கண்டது. 1958இல் அது மத்தியச் சட்டமாக வந்தது. அதன் 6ஆம் பிரிவைப் படி. 21 வயதுக்குக் குறைந்தவர் குற்றவாளி என்று முடிவானாலும், ஆயுள் தண்டனை வரை போகாத குற்றமாக இருந்தால், சிறைக்கு அனுப்பக் கூடாது என்பதே பொது விதி. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் நீதிபதி அதற்குக் காரணம் எழுத வேண்டும். அதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். 4ஆம் பிரிவுக்கு வயது வரம்பே கிடையாது. பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, மூன்று ஆண்டுக்கு மிகாத காலம் ஒழுங்காக இருந்து காட்டு என்று நீதிமன்றம் உன்னை விடலாம். அப்படி விடப்பட்டவருக்கு, தண்டனை பெற்றவர் என்பதால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்கிறது 12ஆம் பிரிவு.

நன்னடத்தை அலுவலர் எதைப் பார்ப்பார்? உன் குடும்பச் சூழ்நிலையை, பழக்கவழக்கத்தை, படிப்பையும் வேலையையும். அப்படியென்றால் கைதுக்கும் தீர்ப்புக்கும் நடுவே நீ வாழ்கிற ஒவ்வொரு நாளும் உன் சார்பில் பேசப்போகிற சாட்சி. காலேஜில் உன் வருகைப் பதிவு பேசும். கம்பெனியில் உன் ஷிப்ட் கணக்கு பேசும். மாடியில் முடங்கிக் கிடந்தால் எந்த சாட்சி வந்து பேசும்? இறங்கி வா!

இன்னொன்று. அந்த 21 வயதை எந்த நாளில் கணக்கிடுவது? சம்பவம் நடந்த நாளிலா? இல்லை. விசாரணை நீதிமன்றம் தண்டனையை முடிவு செய்யும் நாளில்தான் என்று உச்ச நீதிமன்றம் 1962லேயே, ராம்ஜி மிஸ்ஸர் வழக்கில் சொல்லிவிட்டது. பத்தொன்பது வயதில் வழக்கில் சிக்கியவன் பயந்துகொண்டு தேனிப் பக்கம் சித்தப்பா வீட்டில் ஒளிந்தால், பிடிவாரண்ட் வரும், வழக்கு இழுக்கும், 21ஐத் தாண்டுவான். தன் கைக்கு எட்டிய பாதுகாப்பைத் தானே தள்ளிவிட்டவன் ஆவான். "பையனை ஊருக்கு அனுப்பிட்டேன்" என்று சொல்லும் அப்பாக்களே, பாசத்தில்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் பிள்ளையின் காலை அந்தப் பாசமே கட்டிப்போடுகிறது.

எல்லாக் குற்றத்துக்கும் இந்தக் கதவு திறக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். போதைப்பொருள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, 18 வயது முடிந்தவருக்கு இந்தச் சலுகையைப் பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. போதையை உட்கொண்ட குற்றத்துக்கு ஒரு வழி உண்டு. "ஒரு பொட்டலம்தானே, கைமாத்தி விட்டுடு" என்று எவன் கேட்டாலும் இந்தப் பிரிவு ஞாபகத்துக்கு வரட்டும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று தலை குனியாதே. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவு: பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. தொழிலாளர்களாலேயே நிமிர்ந்து நிற்கும் இந்தப் பனியன் ஊரில் அந்தப் பட்டியலுக்குள் வராத வீடு எத்தனை? மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. 15100 என்ற எண்ணுக்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். அம்மாவின் கம்மலைக் கழற்றி வாங்கி புரோக்கர் கையில் வைக்காதே. அந்தக் கம்மலுக்காக அவள் எத்தனை ஒன்றரை ஷிப்ட் ஓட்டினாளோ!

புரோக்கர் என்றதும் நெஞ்சு கொதிக்கிறது. கோர்ட் வாசலில் ஒரு குரல் கேட்கும்: "குத்தத்தை ஒத்துக்க தம்பி, ஃபைனைக் கட்டு, மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம்." எத்தனை சுலபமாக இருக்கிறது! ஆனால் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அதுவும் தண்டனைதான். நாளைக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது உன்னோடு வந்து நிற்கும். தப்பு செய்திருந்தால் ஒப்புக்கொள், அது ஆண்மை. ஆனால் வக்கீலோடு உட்கார்ந்து, பின்விளைவு தெரிந்து ஒப்புக்கொள். உன்னால் ஒருவருக்குக் காயமோ நஷ்டமோ ஏற்பட்டிருந்தால் அவருக்கு ஈடு செய்ய முன்வா. நன்னடத்தையில் விடும்போது நீதிமன்றமே அப்படி உத்தரவிட நன்னடத்தைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இருக்கிறது.

வேலை விண்ணப்பத்தில் "உங்கள் மீது வழக்கு உண்டா?" என்று ஒரு கட்டம் வரும். அங்கே கை நடுங்கும். டெல்லியில் ஓர் இளைஞர் போலீஸ் வேலைக்கு எழுதும்போது, சமரசமாகி விடுதலையான பழைய அடிதடி வழக்கை மறைத்தார். பிறகு அவரே சொன்னார், தேர்வு ரத்தானது. 2011இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, இருபது வயதில் பிள்ளைகள் தவறுவது உண்டு என்று அவர் பக்கம் நின்றார். அந்தத் தீர்ப்பில் 1970இன் லண்டன் வழக்கு ஒன்றை எடுத்துக் காட்டினார். வேல்ஸ் மாணவர்கள் தங்கள் தாய்மொழிக்காக, நடந்துகொண்டிருந்த நீதிமன்றத்துக்குள்ளேயே புகுந்து கோஷம் போட்டார்கள். மூன்று மாதச் சிறை என்று தண்டனை விழுந்தது. மேல்முறையீட்டில் டென்னிங் பிரபு, செய்தது தவறுதான் என்று சொல்லிவிட்டு, ஓராண்டு நன்னடத்தை நிபந்தனையில் அவர்களை விடுவித்தார். மொழிக்காகச் சிறைக்குப் போன மாணவர்களைப் பார்த்த நம் மண்ணுக்கு அந்த வலி புரியும்.

ஆனாலும் மறைக்காதே! 2016இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது: கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், சின்ன வயதில் நடந்த சில்லறைக் குற்றத்தை வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம். மன்னிப்புக்கு இடமிருக்கும்போது பொய்யை எழுதி அந்த இடத்தை அடைப்பானேன்?

நாளைக்கு வாய்தா. ராத்திரியே சட்டையை அயர்ன் பண்ணி வை. ஒன்பதரைக்கே போய்ச் சேர். செல்போனை அணைத்து வை. உன் வக்கீல் கண்ணில் படுகிற இடத்தில் நில். அம்மாவும் வருவாள், ஒரு நாள் சம்பளம் போனாலும் வருவாள். அவளுக்கு உட்கார இடம் பார்த்துக் கொடு. டவாலி உன் பெயரைக் கூப்பிடுவார். இரண்டாம் தடவை கூப்பிட விடாதே.

"இருக்கேனுங்க."