சராசரிக்குள் சேரி எங்கே?

இலங்கையில் வாழ்க்கை நல்லா இருக்கா, மொரீஷியஸில் நல்லா இருக்கா? எங்கள் ஆம்பூர் வாசிப்பு வட்டத்தில், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஒரு மாணவர் கேட்ட கேள்வி இது. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 1990 முதல் வெளியிடும் மனித வளர்ச்சிக் குறியீட்டைப் புரட்டினால் பதில் கிடைத்துவிடும். இரண்டு தீவுகளும் இந்தியாவுக்கு மேலே. இரண்டில் மொரீஷியஸ் மேலே. தேர்வுக்கு இது போதும். நமக்குப் போதாது. யாருக்கு நல்லா இருக்கு என்று அது சொல்வதில்லை.

இரண்டுமே நமக்கு அந்நியமான மண் இல்லை. மொரீஷியஸில் 1835இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேடினான் வெள்ளைக்காரன். இலங்கையில் முதலில் காப்பி, பிறகு தேயிலை. பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் விரட்ட, கப்பலேறிய தமிழர்களில் நம்ம சேரி ஜனங்கள் ஏராளம். ஆகவே இந்த ஒப்பீட்டை நாம் வெளியே நின்று வேடிக்கை பார்க்க முடியாது.

இலங்கையின் சாதனை பொய்யில்லை. 1931இலேயே வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை. 1945இல் இலவசக் கல்வி. இலவச மருத்துவம், ரேஷன் அரிசி. மோரிஸ் டேவிட் மோரிஸ் என்கிற பொருளியலாளர் 1979இல் சிசு மரணம், எழுத்தறிவு, ஆயுள் மூன்றையும் சேர்த்து ஒரு வாழ்க்கைத் தரக் குறியீடு போட்டார். நூற்றுக்கு எண்பதைத் தாண்டி நின்றது அந்த ஏழை நாடு. இந்தியா அதில் ஏறக்குறைய பாதி. உலகமே மெச்சியது.

அதே இலங்கைதான் 1948இல் குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. மறுவருஷம் ஓட்டும் போச்சு. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கலாம். அந்த ஜனங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தையில மாடு பிடிக்கிறவன்கூட பல்லைத் தொறந்து பார்ப்பான்! தோட்டப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டதே 1970களில்தான். நாடு முழுக்கப் பேசப்பட்ட இலவசக் கல்வி லயத்துக்கு வந்துசேர அத்தனை காலம்.

கணக்கில் ஒரு சூது இருக்கிறது. ஏழையின் வாழ்க்கையை உயர்த்தினால் சராசரி உயரும். ஏழையைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டாலும் சராசரி உயரும். இலங்கை உயர்ந்தது இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. வளர்த்ததையும் விரட்டியதையும் பிரித்துக் காட்ட அந்த எண்ணால் ஆகாது என்கிறேன். அனுப்பப்பட்டவர்களில் பலர் நீலகிரியில், அரசின் தேயிலைத் தோட்டங்களில், மறுபடியும் கொழுந்து பறித்தார்கள்.

மொரீஷியஸ் கதை கொஞ்சம் வேற. இந்த நாடு தேறுமா என்று 1961இல் ஜேம்ஸ் மீட் குழு கவலைப்பட்டது. 1968இல் விடுதலை. 1970களில் ஆயத்த ஆடை ஏற்றுமதி, இலவச இடைநிலைக் கல்வி. இன்று ஆப்பிரிக்காவில் முன்வரிசை. கூலியாகப் போனவனின் தமிழ் அங்கே ரூபாய் நோட்டில் இருக்கிறது. 1998இல் புது நோட்டில் தமிழின் இடத்தை மாற்றிக் கீழே இறக்கியபோது தமிழர்கள் கொதித்தார்கள். நோட்டைத் திரும்பப் பெற்றார்கள். கேட்க நமக்குப் பெருமையாகத்தான் இருக்கும். சில மாதம் கழித்து, 1999 பிப்ரவரியில், காயா என்கிற கிரியோல் பாடகர் போலீஸ் காவலில் செத்தார். தீவு பற்றியெரிந்தது. கிரியோல்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்க அடிமைகளின் வாரிசுகள். வளர்ச்சிப் பந்தியில் கடைசி இலை அவர்களுக்கு. டீகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளத்துக்காக, 1973 வரைக்கும் பிரிட்டன் அப்புறப்படுத்திய சாகோஸ் தீவினரில் பெரும்பாலோர் வந்து விழுந்ததும் இந்த நாட்டின் குடிசைகளில்தான். நோட்டில் எழுத்து இருப்பது வேற, கையில் நோட்டு இருப்பது வேற.

அங்கே கடைசியில் கிடப்பவன் இங்கே நடுவில் இருப்பவனைவிடத் தேவலாமே என்று கேட்கலாம். சில விஷயத்தில் உண்மைதான். பெத்த குழந்தை சாகாம இருக்கிறது சின்ன விஷயமில்லை. சாதிவாரிக் கணக்கெடுப்பு கேட்கிற நாம் எண்ணே வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. எதை அலகாக வைத்து எண்ணுகிறோம் என்பதுதான் சண்டை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், வரைவு அரசியல் சட்டம் கிராமத்தைக் கைவிட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதில் அம்பேத்கர் மகிழ்ச்சி தெரிவித்தார். ஊரை அலகாக வைத்தால் சேரி கண்ணுக்குத் தெரியாது. நாட்டை வைத்தாலும் அதே கதிதான். (ஆடவர் நல்லவராக இருந்தால் நிலமும் நல்லது என்று ஔவை பாடிய புறப்பாட்டை எம்.ஏ.வில் மனப்பாடம் செய்தோம். எந்த ஆடவர், பெண்கள் எங்கே என்று வகுப்பில் பேச்சே எழவில்லை.)

நம்ம பாலாற்றங்கரையையே எடுங்க. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. ஏற்றுமதிக் கணக்கில் டாலர் கொட்டுகிற பூமி. தோல் கழிவால் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுசாகவோ பாழானதை 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலும் வங்கத்துப் பிள்ளைகள். அவர்களை எந்த மாநிலத்துச் சராசரியில் சேர்ப்பது? இழப்பீடு கொடு, ஆற்றைச் சரிபண்ணு என்று 2025 ஜனவரியில் மறுபடியும் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

ஒப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலையக லயத்திலும், போர்ட் லூயிஸ் குடிசைப் பகுதியிலும், தோல்ஷாப்பு ஓரத்து நம்ம காலனியிலும் ஒரே மூன்று கேள்வியைக் கேட்டு எழுதிக்கொண்டு வரணும். குடிக்கிற தண்ணி எங்கிருந்து வருது? அப்பன் செஞ்ச வேலை எனக்கு வேணாம்னு மகள் சொல்ல முடியுமா? போலீஸ் ஸ்டேஷனுக்குள்ள போனவர் நடந்து திரும்பி வருவாரா? அதுக்கப்புறம் எந்த நாடு மேலேன்னு உட்கார்ந்து பேசலாம்.