காற்றும் தவக்குலும்



ஹளரமவ்த் நாட்டிலிருந்து ஜித்தாவுக்குக் கூலி வேலைக்கு வந்த ஓர் ஏழை, பிற்காலத்தில் மக்காவின் ஹரம் ஷரீபையும் மதீனாவின் மஸ்ஜிதுந் நபவியையும் விரிவாக்கும் பெரும்பேற்றைப் பெற்றார். அவர்தாம் முஹம்மது பின் லாதின். 1967 செப்டம்பர் 3-ல், அஸீர் மலைநாட்டில், அவர் சென்ற சிறு விமானம் தரையிறங்கும்போது விழுந்தது. அவர் மவுத்தானார். விமானி இறங்கும் கணக்கைத் தவறவிட்டதே காரணம் என்பர். எந்த மண்ணில் நம் மவுத்து என்பதை அல்லாஹ்வையன்றி யாரறிவார்? லுக்மான் சூராவின் கடைசி ஆயத்து இதைத்தானே உணர்த்துகிறது!

"அஜல் வந்தால் போகிறோம், எச்சரிக்கை எதற்கு?" என்பார் சிலர். அது தவக்குல் அல்ல; சோம்பல். ஒட்டகத்தை முதலில் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்விடம் ஒப்படைக்குமாறு ஒரு மனிதருக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை இமாம் திர்மிதீ பதிவு செய்திருக்கிறார்கள்.

விமானிகளும் அப்படித்தான் ஒட்டகத்தைக் கட்டுகிறார்கள். சிறு விமானத்தின் எடை ஏறக்குறைய 1,100 கிலோதான். திடீர்க் காற்று ஒன்று தூக்கும்; மறுகணம் அது ஓய்ந்தால் விமானம் தொப்பென்று விழும். காற்று 15 நாட்டுக்கும் 25 நாட்டுக்கும் இடையே ஏறி இறங்கினால், அந்த வித்தியாசத்தில் பாதியை, அதாவது 5 நாட்டை, இறங்கும் வேகத்தோடு கூட்டிக்கொள்வார்கள். அப்படியும் விமானம் நேர்வழியில் நிற்காவிட்டால், இறங்கக் கூடாது. விசையை முழுதும் கூட்டி, மேலே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வரவேண்டும். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று பிடிவாதம் பிடித்தவர்கள் பலர் உயிரிழந்தார்கள்.

சகோதரர்களே! இந்தத் திரும்புதலுக்கு நம் மார்க்கத்தில் என்ன பெயர்? தௌபா! தவறான வழியில் பாதிதூரம் வந்துவிட்டோமே, ஊர் என்ன சொல்லும் என்று வெட்கப்பட்டு வட்டியிலும், உறவைத் துண்டிப்பதிலும் நிலைத்திருக்கிறோம். தரை தொடுமுன் எழும்புகிறவனுக்கே மறுவாய்ப்பு. உயிர் தொண்டைக்குழியை எட்டிய பின் எழும்ப இடமேது?

காற்றை ஏசாதீர்கள், அது ரப்பின் கட்டளைக்குப் பணிவது. ஆது கூட்டத்தாரை அழித்ததும் அதுவே. மழை மேகத்தைச் சுமந்து வருவதும் அதுவே. பெருங்காற்று வீசும்போது அதன் நன்மையைக் கேட்டு, அதன் தீங்கிலிருந்து காவல் தேடுவது நபிவழி. இன்றிரவே கடன்களை எழுதி வையுங்கள். வஸிய்யத்தைத் தயார் செய்யுங்கள். முறிந்த உறவுக்கு ஸலாம் சொல்லி அனுப்புங்கள். பிறகு நிம்மதியாகத் தவக்குல் வையுங்கள்.

யா அல்லாஹ்! தரை தொடுமுன் திரும்பும் நல்லறிவை எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.