பெல்ட்டும் பிரபத்தியும்

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் எடை 195 கிலோ. சூப்பர் மீட்டியர் 650 என்றால் 241 கிலோ. சாலையில் ஓடும்வரை இந்தக் கணக்கு யாருக்கும் உறைப்பதில்லை. வண்டி பழுதாகி நடுவழியில் நின்றாலோ, வேலை மாற்றலாகி வீட்டுச் சாமானோடு அதையும் பிக்கப்பில் ஏற்ற வேண்டி வந்தாலோ, அன்றைக்குத்தான் தெருவே கூடி யோசனை சொல்லும்.

விவரம் தெரிந்த ஓட்டுநர் முதலில் தேடுவது ஆளை அல்ல, மேட்டை. சாலையோரத்தில் கொஞ்சம் உயர்ந்த இடம் கிடைத்தால் பிக்கப்பைப் பின்னுக்கு எடுத்து அதை ஒட்டி நிறுத்திவிடுவார். பாதி வேலை அங்கேயே முடிந்தது. மேடு இல்லாத ஊரில் பலகைதான். பிக்கப்பின் தளம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொண்டால், ஐந்தடிப் பலகையில் கிளாசிக்கை ஏற்ற அதன் எடையில் பாதியை, அதாவது 97 கிலோவுக்கு மேல், தள்ளியாக வேண்டும். பலகை பத்தடி என்றால் கால் பங்கு போதும்; சுமார் 49 கிலோ. இதில் பக்திக்கோ பலத்துக்கோ சலுகை கிடையாது.

ஏற்றுவதில் நுணுக்கங்கள் உண்டு. பலகையின் மேல்முனையைத் தளத்தோடு கட்டாமல் விட்டால், எஞ்சின் ஓட்டத்தில் பின்சக்கரம் ஏறும்போது பலகை பின்னுக்கு உதைத்துக்கொண்டு விழும். பாதியில் நிற்க நேர்ந்தால் கை தானாக முன்பிரேக்கைப் பிடிக்கும். சரிவில் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்துக்குப் போய்விடுவதால், முன்சக்கரம் பூட்டியபடியே சறுக்கி இறங்கும். கைதேர்ந்தவர்கள் எஞ்சினை அணைத்து, வண்டியை முதல் கியரிலேயே வைத்துத் தள்ளுவார்கள். கிளட்சைப் பிடித்தால் வண்டி நகரும். விட்டால் பின்சக்கரம் நின்ற இடத்தில் நிற்கும்.

இனிக் கட்ட வேண்டும். புதியவர்கள் சைடு ஸ்டாண்டைப் போட்டு, வண்டியைச் சாய்த்து நிறுத்தியே கட்டிவிடுவார்கள். பெல்ட்டை இறுக்க இறுக்கப் பாரம் முழுக்க அந்த ஒற்றை ஸ்டாண்டில் இறங்கி அது வளையும். பழகியவர்கள் ஸ்டாண்டை மடக்கி, முன்சக்கரத்தைக் கேபினை ஒட்டிய தடுப்பில் முட்டக் கொடுத்து, வண்டியை நேராக நிறுத்தி, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு பெல்ட் போடுவார்கள். முன்பெல்ட்டை ராட்செட்டில் இறுக்கும்போது ஃபோர்க் அமுங்கும். எவ்வளவு அமுங்கலாம் என்பதில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. அமுங்கவே இல்லையென்றால், முதல் குழியில் வண்டி தானாக அமுங்கும்போது பெல்ட் தொய்ந்து கொக்கி கழன்றுவிடும். அடிவரை அமுக்கிக் கட்டினால், நெடும்பயணத்தில் ஃபோர்க்கின் ஆயில் சீல் கசியக்கூடும். ஏறத்தாழப் பாதி அமுங்கினால் போதும். அதற்குமேல் இறுக்குவது பத்திரத்துக்காக அல்ல, பயத்தால்.

பயத்தாலும் ஆர்வத்தாலும் இறுக்குவது சமயத்துக்குப் பழைய சிக்கல். பௌத்த நூல்களில் சோணர் என்ற துறவியின் கதை வருகிறது. செல்வக் குடும்பத்தில் செல்லமாக வளர்ந்தவர். பாதம் புண்ணாகி ரத்தம் வடியும்வரை நடந்தபடியே தியானம் செய்தும் பலன் காணாமல், வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்தார். அவர் முன்பு வீணை வாசித்தவர். நரம்பு அதிகம் இறுகினாலோ அதிகம் தளர்ந்தாலோ வீணை பேசுமா என்று புத்தர் அவரிடம் கேட்டார். சோணரிடம் முயற்சிக்குக் குறைவில்லை; முயற்சி மிஞ்சிப்போனதுதான் கோளாறு.

பெல்ட் கட்டி முடிந்தது. ஆனாலும் நெடும்பயணம் என்றால் சில ஓட்டுநர்கள் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, பழத்தை நசுக்கியபடிதான் வண்டியை எடுப்பார்கள். நான்கு பெல்ட் இருக்கும்போது எலுமிச்சம்பழம் எதற்கு என்று கேட்பவர் உண்டு. எலுமிச்சம்பழத்தை நம்புகிறவர் பெல்ட்டை ஏன் விடவில்லை என்றும் திருப்பிக் கேட்கலாம். நம்பிக்கை முழுமையானது என்றால் கயிறு எதற்கு?

இந்தக் கேள்வியை நபிகள் நாயகத்திடம் ஒருவர் நேராகவே கேட்டதாகத் திர்மிதி தொகுத்த ஹதீஸ் நூலில் பதிவு உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என்பது கேள்வி. கட்டிவிட்டு நம்பு என்பது பதில். இஸ்லாமிய மரபில் தவக்குல் எனப்படும் இறைச்சார்பு பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த ஒட்டகம் வந்து நிற்கும்.

கட்டுக்கு அடங்காத வண்டியைக் கும்பிடும் ஊரும் உண்டு. ராஜஸ்தானில் ஜோத்பூர்–பாலி நெடுஞ்சாலையோரம் ஓம் பன்னா கோயிலில் 350 சிசி புல்லட் ஒன்று வழிபடப்படுகிறது. ஓம் சிங் ராத்தோர் என்ற இளைஞர் அந்த இடத்தில் விபத்தில் இறந்தார். போலீசார் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோன புல்லட் மறுநாள் விபத்து நடந்த இடத்துக்கே வந்து நின்றதாம். பெட்ரோலை வடித்து, சங்கிலியால் கட்டிவைத்த பிறகும் அப்படியே நடந்ததாம். பக்தர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். லாரி ஓட்டுநர்கள் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். எந்தச் சங்கிலியும் தாங்காத அந்த வண்டி இன்று கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது. அதை வணங்கிச் செல்லும் லாரிகளில் சரக்கு இறுக்கமாகக் கட்டித்தான் இருக்கும்.

கட்டுவது மனிதன் பாடு என்றே வைத்துக்கொள்வோம். கட்டிய பிறகு? 1902 வாக்கில் திருவண்ணாமலையில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, அப்போது பேசாதிருந்த ரமணர் எழுதிக்காட்டிய பதில்களிலிருந்து பிறந்த நூல் ‘நான் யார்?’. அதில் ஒரு ரயில் பயணி வருகிறார். எல்லாப் பாரத்தையும் ரயில் சுமக்கிறது என்று தெரிந்தும் தன் சிறு மூட்டையைக் கீழே வைக்காமல் தலையில் சுமந்துகொண்டு கஷ்டப்படுவானேன் என்று கேட்கிறார் ரமணர். பிக்கப்பிலும் அந்தப் பயணியைப் பார்க்கலாம். ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே தன் புல்லட்டைப் பார்த்துக்கொண்டே வருவார். அவர் பார்ப்பதால் பெல்ட் இறுகுவதில்லை. ஆனால் கிளம்பிய பதினைந்து இருபது கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி, பெல்ட்டைத் தொட்டுப் பார்த்து, தேவையானால் ராட்செட்டை ஒரு பல் ஏற்றுவது அவசியம். குலுக்கலில் எந்தக் கட்டும் கொஞ்சம் இளகும். அதைச் சரிபார்ப்பது வேலையின் பகுதி, மற்றதெல்லாம் தலைமூட்டை.

பிரபத்தி எனப்படும் சரணாகதியில், மனித முயற்சிக்கும் இறையருளுக்கும் நடுவே இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதில் தமிழ் வைணவம் இரண்டாகவே பிரிந்தது. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். அதுபோல உயிரும் இறைவனைப் பற்ற வேண்டும் என்பது வடகலையின் மர்க்கட நியாயம். பூனைக்குட்டி சும்மா கிடக்கும். தாயே கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலையின் மார்ஜார நியாயம். முன்னதற்கு வேதாந்த தேசிகர், பின்னதற்குப் பிள்ளை லோகாசாரியர். இரு கலைகளுக்கும் பதினெட்டு பேதங்கள் என்று பட்டியலே இருக்கிறது. பெல்ட் குரங்குக் கட்சி, எலுமிச்சம்பழம் பூனைக் கட்சி என்று சுலபமாகப் பிரித்துவிடத் தோன்றும்.

வரலாறு அப்படிப் பிரிய விடவில்லை. 14-ஆம் நூற்றாண்டில் டில்லிப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, நம்பெருமாள் என்னும் உற்சவத் திருமேனியை ரகசியமாகத் தெற்கே எடுத்துச் சென்ற குழுவுக்குத் தலைமை தாங்கியவர் முதிர்ந்த வயதிலிருந்த பிள்ளை லோகாசாரியர் என்று குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. மதுரைப் பக்கம் ஜோதிஷ்குடியில், வழியிலேயே அவர் காலமானார். பல ஊர்கள் அலைந்த திருமேனி 1371-இல்தான் அரங்கம் திரும்பியது. பூனைக்குட்டிபோல் கிட என்று போதித்தவர், தாயையே சுமந்துகொண்டு காட்டுவழி நடந்திருக்கிறார்.

இதில் முரண் எதுவும் இல்லை. உழைக்காதே என்று லோகாசாரியர் சொல்லவில்லை; உழைப்பு அருளுக்குக் கொடுத்த விலை என்று எண்ணாதே என்றார். அவருக்கு அது கைங்கரியம், அவ்வளவுதான். எதிர்த்தரப்பும் தன் முயற்சிதான் காப்பாற்றியது என்று சொல்லவில்லை. பாரத்தை ஒப்படைக்கும் பரந்யாசத்தைக்கூட, இறைவன் அருளுவதற்கான ஒரு வியாஜம், ஒரு சாக்கு, என்றுதான் தேசிகர் வைத்தார். இரு தரப்பும் வேலை செய்தார்கள். சச்சரவெல்லாம் வேலையின் பலனை யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான்.

அந்தக் கணக்கு ஒவ்வொரு முறை வண்டி பத்திரமாகப் போய்ச் சேரும்போதும் திறக்கிறது. எலுமிச்சம்பழம் வைத்ததால்தான் கீறல்கூட விழவில்லை என்பார் வீட்டுப் பெரியவர். ராட்செட் பெல்ட்டுக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை என்பார் வண்டிக்காரர். குழிக்குக் குழி நிதானமாக இறக்கி ஏற்றிய தன் கையைப் பார்த்துக்கொள்வார் ஓட்டுநர். லோடுமேனுக்கு இதில் எந்தக் கட்சியும் இல்லை. இறக்குகூலி தனி என்று சொல்லிவிட்டு, பலகையைக் கட்டி, பின்னால் நிற்பவர்களை விலகச் சொல்லி, வண்டியை முதல் கியரில் போடச் சொல்கிறார்.