பணிவு எவர்க்குரியது?

தமிழில் 'பணி' என்னும் சொல் வினையாக நின்றால் வணங்குதலைக் குறிக்கும். பெயராக நின்றால் தொண்டினைக் குறிக்கும். வளைதலும் உழைத்தலும் ஒரே சொல்லில் அமைந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது. கிறித்தவ வாழ்வின் தலையாய பண்புகளுள் ஒன்றாகிய தாழ்மையை அறிய இச்சொல்லே நமக்கு நல்ல வாயிலாகும். பிறருக்குப் பணிந்து வாழ்க என்று கிறித்தவம் கற்பிக்கின்றது. அவ்வாறாயின் எவர், எவருக்கு, எவ்வாறு பணிய வேண்டும்? இவ்வினாவிற்குத் தெளிவான விடை காணாவிடில், அறம் என்று எண்ணி அடிமைத்தனத்தைப் போற்றும் பிழைக்கு நாம் ஆளாக நேரிடும்.

யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் இதற்கு விடை தருகின்றது. இறுதி இரவுணவின்போது இயேசுபெருமான் எழுந்து, மேலாடையைக் களைந்து, துண்டினை இடையில் கட்டிக்கொண்டு, சீடர்களின் பாதங்களைக் கழுவினார். புழுதி நிறைந்த வழிகளில் மக்கள் நடந்து திரிந்த அந்நாளில், விருந்தினரின் கால்களைக் கழுவுதல் வீட்டு அடிமைகளின் வேலையாகக் கருதப்பட்டது. அதனைத் தலைவரே மேற்கொண்டார். அடிபணிதல் என்பதை நாம் எளியோர்க்கே உரியதாக்கி வைத்திருக்கின்றோம். அங்கோ குருவே சீடரின் அடியில் பணிந்தார். அவரை எவரும் வற்புறுத்தவில்லை. தம் பெருமையை அறியாமலும் அவர் குனியவில்லை. தாம் கடவுளிடமிருந்து வந்தவர் என்பதை அறிந்த நிலையிலேயே அவர் எழுந்தார் என்று அந்நூல் கூறுகின்றது. தம்மை இழிவாக எண்ணுதல் தாழ்மையன்று என்பது இதனால் விளங்கும். தம் பாதங்களைக் கழுவ இசையாமல் முதலில் தடுத்த பேதுருவும் நமக்கு ஒரு பாடமாவார். தொண்டு செய்வதற்கு மட்டுமன்று, பிறர் செய்யும் தொண்டினை ஏற்பதற்கும் பணிவு வேண்டும் அன்றோ?

அக்காலக் கிரேக்க, உரோமை உலகில் தாழ்மை என்னும் சொல் பெரும்பாலும் இழிநிலையையே சுட்டியது. அத்தகைய உலகில், உரோமைக் குடியேற்றமாகிய பிலிப்பி நகரத்துத் திருச்சபைக்குச் சிறையிலிருந்து மடல் வரைந்த பவுலடிகள், கிறித்து அடிமையின் கோலத்தைத் தாமே விரும்பி ஏற்றதை எடுத்துக்காட்டி, அம்மனப்பான்மையை மேற்கொள்ளுமாறு வேண்டினார். எபேசியர் திருமுகத்தின் 5ஆம் அதிகாரமோ அனைவரும் ஒருவருக்கொருவர் பணிந்திருக்க வேண்டும் என்று கூறிய பின்னரே, மனைவியரின் பணிவைப் பற்றிப் பேசுகின்றது. கணவர்க்கோ உயிரையும் ஈயும் அன்பினைக் கடமையாக்குகின்றது. பிற்பகுதியை உரக்க ஓதி முற்பகுதியை மறந்துவிடும் வழக்கம் இல்லங்கள் பலவற்றில் இன்றும் உண்டு.

இப்படி மறப்பதால் விளையும் தீங்கிற்கு வரலாறே சான்று. பிரித்தானியருக்கு உட்பட்ட மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென 1807ஆம் ஆண்டு இலண்டனில் விவிலியப் பகுதிகளின் தொகுப்பு ஒன்று அச்சிடப்பெற்றது. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து இசுரவேல் மக்கள் விடுதலை பெற்ற வரலாறு அதில் நீக்கப்பட்டிருந்தது. அடிமைகள் எசமானர்க்குக் கீழ்ப்படிய வேண்டும் என்னும் பகுதியோ விடப்படவில்லை. சாட்டை ஏந்தியவன் பணிவைப் போதித்தால், அது அவனுக்கு வேலி; கேட்பவனுக்கு விலங்கு.

அங்ஙனமாயின், கீழ்ப்படிதலே தீதோ எனின், அன்று. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்ட் துறவியர்க்கு வகுத்த ஒழுங்குநூல், தாழ்மைக்கு 12 படிகளைக் காட்டுகின்றது, கீழ்ப்படிதலை வலியுறுத்துகின்றது. ஆயினும், முக்கியமான செய்திகளில் மடத்துத் தலைவர் அனைவரையும் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்கின்றது. சிறந்த வழியை இறைவன் பெரும்பாலும் இளையோர்க்கே வெளிப்படுத்துகின்றார் என்று அதற்குக் காரணமும் காட்டுகின்றது. ஆற்றவியலாப் பணி இடப்பட்டால், தன் இயலாமையைத் தக்க வேளையில் பொறுமையுடன் எடுத்துரைக்கத் துறவிக்கு இடம் தருகின்றது. துறவியர் தலைவருக்கு மட்டுமன்றித் தம்முள் ஒருவர்க்கொருவரும் கீழ்ப்படிய வேண்டும் என்கின்றது. ஆணையிடுவோரும் செவிசாய்க்கக் கடமைப்பட்டிருப்பதால், அங்குக் கீழ்ப்படிதல் ஒருவழிப் பாதையன்று.

பணிதல் எல்லார்க்கும் நன்று எனினும் செல்வர்க்கே அது தனிச்சிறப்பு என்று கருதினார் வள்ளுவர். இழக்கத் தக்கதொன்று உடையவர் வளைவதே பணிவு. மறுக்கும் உரிமையற்றவர் வளைவது வெறும் அச்சம். 2013ஆம் ஆண்டு, தாம் பொறுப்பேற்ற சில நாள்களில் வந்த பெரிய வியாழனன்று, திருத்தந்தை பிரான்சிசு உரோமையிலுள்ள இளம் குற்றவாளிகளின் சிறைச்சாலைக்குச் சென்று, அங்கிருந்தோர் 12 பேரின் கால்களைக் கழுவினார். அவர்களுள் பெண்களும் இருந்தனர், கிறித்தவரல்லாதோரும் இருந்தனர். உயர்ந்த இருக்கையில் இருந்தவரே முதலில் முழந்தாளிட்டார்.

நம் இல்லங்களிலும் கோவில்களிலும் சங்கங்களிலும் பணிவைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இங்கு முதலில் குனிபவர் எவர்? வலியவர் எனின், அது கிறித்து காட்டிய வழி. எளியவர் மட்டுமே எனின், எத்துணை இனிய சொற்களால் போர்த்தினும், அது பணிவாகாது. துண்டினை இடையில் கட்டிக்கொள்ள வேண்டியவர், அதனைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு இருக்கையில் அமர்ந்திருத்தல் தகுமோ?