தவணை நீதிபதி

திருப்பரங்குன்றத்தில் வாழ்ந்த எங்கள் பெரியத்தாவுக்குத் தென்கால் கண்மாய்ப் பாசனத்தில் சிறிது நஞ்சை இருந்தது. 2000களின் பிற்பகுதியில் அது வழக்காயிற்று. வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினையை நேரில் கண்டவர்களில் எஞ்சியிருந்தவர் ஒரே முதியவர். தற்காலிகமாக அமர்த்தப்பட்டிருந்த ஒரு நீதிபதியின் முன் அவர் கூண்டேறினார். எதிர்த்தரப்பு வக்கீலின் ஒரு கேள்விக்கு, கண் கலங்கி வெகுநேரம் மௌனமாயிருந்த பின்னரே விடை பகர்ந்தார். தீர்ப்புக்கு முன் நீதிபதியின் தவணை முடிந்தது. முதியவரும் மவுத்தாகிவிட்டார். அடுத்து வந்தவர் பதிவான சாட்சியத்தைப் படித்துத் தீர்ப்பெழுதினார். காகிதத்தில் விடை இருந்தது, மௌனம் இல்லை.

இதில் சட்டப் பிழை ஏதுமில்லை. ஒரு நீதிபதி பதிவு செய்த சாட்சியத்தைக் கொண்டு அவருக்குப் பின் வருபவர் வழக்கைத் தொடரலாம் என உரிமையியல் நடைமுறைச் சட்டமே கூறுகிறது. நிரந்தர நீதிபதியும் மாற்றலாகிப் போகிறவர்தாமே!

ஆகவே, தற்காலிக நீதிபதிகளே வேண்டாமென்று சொல்லிவிட மனம் ஒப்பவில்லை. 11ஆம் நிதிக்குழு 2000இல் 1,734 விரைவு நீதிமன்றங்களுக்கு ரூ. 502.90 கோடி பரிந்துரைத்தது. அவற்றில் தற்காலிகப் பதவி உயர்வு பெற்றோரும், ஓய்வு பெற்றோரும், வழக்கறிஞர்களும் நீதிபதிகளாக அமர்ந்தனர். விசாரணைக் கைதியாக ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடப்பவனிடம், நிரந்தர நீதிபதி வரும்வரை பொறுத்திரு என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஆனால் அந்த நாற்காலியில் அமர்ந்தவரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்தாண்டுத் திட்டம் நீட்டிப்பின்மேல் நீட்டிப்பாக நடந்து, 2011 மார்ச்சுடன் மத்திய அரசின் பணம் நின்றது. பிறர் வழக்குகளைத் தீர்த்தவர்கள் தம் வேலைக்காகத் தாமே வழக்காடினர். 2012இல் பிரிஜ் மோகன் லால் வழக்கில், நேரடியாக நியமனம் பெற்றோர் தேர்வெழுதி நிரந்தரப் பணியில் சேர வாய்ப்பளிக்குமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. நீட்டிப்பு ஆணையை எதிர்நோக்கியிருப்பவர், அரசே ஒரு கட்சியாக நிற்கும் வழக்கில் பேனாவை எடுக்கிறார். அவர் நேர்மையாளராகவே இருக்கட்டும். தோற்றவன் அதை நம்ப வேண்டுமே!

மதுரை சுல்தான்கள் காலத்தில் இங்கு வந்து சென்ற இப்னு பதூதாவும் ஒருவகையில் தவணை நீதிபதிதான். அதற்கு முன் மாலத்தீவில் காஜியாக அமர்த்தப்பட்ட அவர், வஜீருடன் பிணங்கி, 1344இல் பதவியைத் துறந்து கப்பலேறினார். அவருடைய கண்டிப்பு அளவு மீறியது என்பது வேறு கதை. ஆயினும் பதவி போனால் ஏறிச் செல்ல அவருக்கொரு கப்பல் இருந்தது. நடுவயதில் தொழிலை விட்டுவந்த வழக்கறிஞருக்கு என்ன இருக்கிறது? இக்காரணத்தாலேயே, தற்காலிகமாக ஒருவரை அமர்த்தித்தான் ஆகவேண்டுமெனில், ஓய்வூதியம் பெறுபவரே மேல் என்பேன். அந்த நாற்காலியை நம்பி அவர் வீட்டில் உலை வைப்பதில்லை.

பெரியத்தா மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. தம் சாட்சியை நேரில் பார்த்த நீதிபதி எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனார் என்று மட்டும் வக்கீலிடம் விசாரித்தார். அவர் எந்த ஊருக்கும் மாற்றலாகவில்லை. தவணை முடிந்து வீட்டில் இருந்தார்.